குப்பிகளை விட்டுக் கெக்குக்கு மாறுகிறேன்: முதல் முறை எங்கே சறுக்கும்?

ஐம்பத்தேழாம்குப்பி:

மூன்று ஆண்டுகளாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். ஒவ்வொரு முறையும் 19 லிட்டர். அதை 330 மில்லி குப்பிகளில் அடைத்தால் ஐம்பத்தேழு வரும். ஐம்பத்தேழையும் கழுவி, கிருமி நீக்கி, சர்க்கரை அளந்து போட்டு, மூடி அழுத்தி முடிப்பதற்குள் ஒரு விடுமுறை நாள் போய்விடுகிறது. கடைசிக் குப்பிக்கு வரும்போது பீர் மேலிருந்த ஆசையே வற்றிவிடும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான். சென்ற மாதம் இரண்டு குப்பிகள் அலமாரிக்குள்ளேயே வெடித்தன. கதவு மூடியிருந்ததால் தப்பித்தேன். போதும், இனி கெக்தான் (அழுத்தம் தாங்கும் எஃகுப் பீப்பாய்) என்று அன்றே முடிவு செய்தேன்.

இதுவரை சேர்த்தவை: பழைய பால் லாக் (ball lock, இணைப்பியை அழுத்தி மாட்டும் வகை) கெக் ஒன்று (19 லிட்டர், முன்பு குளிர்பானம் அடைத்தது), 2 கிலோவுக்குச் சற்று மேல் கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், இரட்டை முள் ரெகுலேட்டர் (பெரிய முள் சிலிண்டரின் அழுத்தத்துக்கு, சின்னது கெக்குக்குப் போகும் அழுத்தத்துக்கு), 1.2 மீட்டர் டியூப், அதன் நுனியில் கையால் அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் குழாய். இவை முழுவதும் உள்ளே அடங்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜும் இருக்கிறது.

பழைய கெக்கை எப்படித் தயார் செய்வது? அழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ வைப்பது? இவை தவிர, நான் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வி எது?

வால்வுவாத்தியார்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கசிவு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் அழகான குழாயைப் பற்றியே யோசிக்கிறார்கள். சிலிண்டரைக் காலி செய்வது ஒரு சின்ன ரப்பர் வளையம்.

கெக்கை முழுவதும் பிரித்துவிடுங்கள். அதற்கு முன் மூடியிலுள்ள அழுத்தம் விடும் வால்வை இழுத்து, சீறல் முழுவதும் நின்ற பிறகே கை வையுங்கள். அழுத்தம் இருக்கும்போது முனையை (கெக்கின் மேல் டியூப் இணைப்பி மாட்டும் இடம்) திருகிக் கழற்றினால் அது தோட்டா போலப் பறக்கும். உள்ளே ஐந்து வளையங்கள் இருக்கும்: மூடிக்குப் பெரியது ஒன்று, இரண்டு முனைகளின் வெளிப்புறத்தில் ஒவ்வொன்று, இரண்டு உள்குழாய்களின் கழுத்தில் ஒவ்வொன்று. ஐந்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். பழைய வளையத்தில் ஊறிய குளிர்பான வாசனை எத்தனை முறை கழுவினாலும் போகாது. என் முதல் பீர் முழுவதும் மூலிகைச் சோடா வாசனை அடித்தது.

காரத் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்ற நம்பிக்கையில் குளோரின் வெளுப்பானை ஊற்றி வைக்காதீர்கள். எஃகில் ஊசிக்குத்துப் போலக் குழி விழும். கடைசியாக ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநீக்கி, 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அதன் நுரை உள்ளே மிஞ்சினால் அஞ்ச வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது ஒரு கவனம். குட்டையான உள்குழாய் வாயுவுக்கு, அடிவரை போகும் நீளக் குழாய் பீருக்கு. பெரும்பாலான பால் லாக் கெக்குகளில் வாயு முனையின் அடியில் சிறு வெட்டுக்கோடுகள் இருக்கும். இணைப்பிகளில் சாம்பல் நிறம் வாயுவுக்கு, கருப்பு பீருக்கு. மாற்றி அழுத்தினால் உள்ளே போய்விடும், வெளியே வராது. அன்றைய மாலை சுத்தியலோடுதான் கழியும்.

பீரை ஊற்றும் முன் வெறும் கெக்கில் 30 பிஎஸ்ஐ ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மூடி 10 பிஎஸ்ஐயில் சரியாகப் பதியாது. 30இல் 'டப்' என்று உட்காரும். அதன் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

கருமால்ட்:

எல்லோரும் கெக்கைப் புகழப்போகிறார்கள், நான் குப்பிக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கழுவும் வேலை கெக்கில் ஒழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். டியூப், குழாய், இணைப்பி என்று அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். டியூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவாவிட்டால் புளிப்பும் வெண்ணெய் வாசனையும் சேர்ந்துகொள்ளும். தவிர, குப்பிக்குள் மறு நொதித்தல் நடக்கும்போது, அடைக்கையில் உள்ளே புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஈஸ்ட் தானே தின்றுவிடுகிறது. கெக்கில் வெளியிலிருந்து வாயு ஏற்றினால் அந்த உதவி கிடையாது. நண்பர் வீட்டுக்கு இரண்டு குப்பி எடுத்துப் போகலாம். கெக்கை இடுப்பில் வைத்துக்கொண்டா போவீர்கள்?

வெடித்த குப்பிகளுக்குக் குற்றவாளி குப்பி அல்ல. நொதித்தல் முடியும் முன் அடைத்திருப்பீர்கள், அல்லது சர்க்கரை கூடியிருக்கும். அந்த அவசரத்தைக் கெக்குக்கும் கொண்டுவராதீர்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அடர்த்தி அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.

நுரைக்கணக்கு:

எத்தனை பிஎஸ்ஐ என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. எத்தனை டிகிரியில் என்று சேர்த்தே கேட்க வேண்டும். திரவம் குளிரக் குளிர வாயுவை அதிகம் உள்ளிழுக்கும். அதே குளிரில் அழுத்தம் கூடக் கூட இன்னும் அதிகம். அழுத்தத்துக்கான விதியை வில்லியம் ஹென்றி 1803இலேயே சொல்லிவிட்டார்.

பீர் உலகில் இதைக் கன அளவாகச் சொல்வார்கள். 2.5 கன அளவு என்றால் ஒரு லிட்டர் பீருக்குள் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்று பொருள். எடையில் லிட்டருக்கு ஏறத்தாழ 4.9 கிராம். சாதாரண ஏல் வகை பீருக்கு இது நல்ல அளவு. 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ வைத்தால் கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கும். அதே 2.5ஐ 20 டிகிரியில் அடைய வேண்டுமானால் 28க்குப் போக வேண்டும். எனவே ஃபிரிட்ஜின் வெப்பநிலையை முதலில் அளந்துகொள்ளுங்கள். கதவிலிருக்கும் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை ஓர் இரவு வைத்துப் பாருங்கள்.

12இல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகச் சமநிலைக்கு வரும். அதற்கு மேல் எத்தனை நாள் கிடந்தாலும் கூடாது, குறையாது.

மூடிதிறப்பான்:

இரண்டு வாரமா? நான் 30 பிஎஸ்ஐ வைத்து, கெக்கை மடியில் படுக்கவைத்து இருபது நிமிடம் உருட்டுவேன். அன்று மாலையே குடிக்கலாம்.

நுரைக்கணக்கு:

குடிக்கலாம். எத்தனை கன அளவு ஏறியது என்று உங்களுக்கும் தெரியாது, கெக்குக்கும் தெரியாது. 30ஐத் தொட்டுக்கொண்டே குலுக்கினால் 4 டிகிரியில் அது நான்கு கன அளவைத் தாண்டி ஓடக்கூடியது. அவசரம் என்றால் நடுவழி ஒன்று உண்டு. குளிர்ந்த பீரில் 30 பிஎஸ்ஐயை ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள், குலுக்காமல் வையுங்கள். பிறகு சிலிண்டரை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, 12க்கு இறக்கிவிடுங்கள். நான்காம் நாள் நன்றாகவே இருக்கும்.

ஐம்பத்தேழாம்குப்பி:

தலைகுனிந்து திரும்பி வந்திருக்கிறேன். சனிக்கிழமை கெக்கைப் பிரித்துக் கழுவினேன். மூடி வளையமும் உள்குழாய் வளையங்களும் புதிதாகப் போட்டேன். பீர் தயாராக இருந்ததால், வெறும் கெக்கில் சோதிக்கும் வேலையைத் தாண்டி நேராக ஊற்றிவிட்டேன். 12 பிஎஸ்ஐ, 4 டிகிரி, எல்லாம் சொன்னபடி. திங்கட்கிழமை காலையில் திறந்தால் இரண்டு முள்ளும் பூஜ்யம். சிலிண்டர் முழுவதும் காலி. மறுபடி நிரப்பி வந்துவிட்டேன். ஆனால் மாட்டப் பயமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம்: மாட்டிய அன்றே பெரிய முள் 800இலிருந்து 550க்கு இறங்கியது. அப்போதே கசிய ஆரம்பித்துவிட்டதா?

வால்வுவாத்தியார்:

அந்த இறக்கம் கசிவு அல்ல. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். திரவம் ஒரு துளி மிச்சமிருக்கும் வரை பெரிய முள் காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான். 20 டிகிரியில் 800க்கு மேல் நிற்கும், 4 டிகிரி ஃபிரிட்ஜுக்குள் போனால் 550 அளவுக்கு இறங்கும். திரவம் தீர்ந்த பிறகே சரசரவென்று விழும், அப்போது ஏறத்தாழ எல்லாம் முடிந்திருக்கும். மிச்சம் எவ்வளவு என்று அறிய எடை போடுவதுதான் வழி. சிலிண்டரின் கழுத்தில் வெற்று எடை பொறித்திருக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது. பீர் உள்ளே இருக்கும்போது சிலிண்டரை மூடிவிட்டு, சின்ன முள் இறங்குகிறதா என்று பார்த்தால் கண்டிப்பாக இறங்கும். பீர் வாயுவைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கசிவு என்று நினைத்து நல்ல ரெகுலேட்டரைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் வெறும் கெக்கில் சோதிக்கச் சொன்னேன். சரி, நடந்தது நடந்தது.

இப்போது பகுதி பகுதியாகப் பிரியுங்கள். முதலில் வாயு இணைப்பியைக் கெக்கிலிருந்து கழற்றிவிட்டு, சிலிண்டரைத் திறந்து 12இல் நிறுத்தி, மறுபடி மூடுங்கள். டியூபும் ரெகுலேட்டரும் மட்டும் ஓர் இரவு இருக்கட்டும். காலையில் முள் அசையாமல் நின்றால் அந்தப் பக்கம் குற்றமற்றது. அடுத்து கெக்குக்கு 30 ஏற்றி, இணைப்பியைக் கழற்றி, மூடியிலும் முனைகளிலும் சோப்பு நுரை வையுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நேராக நிற்கட்டும். படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

ஐம்பத்தேழாம்குப்பி:

இரண்டு இரவுகள் சோதித்தேன். டியூபும் ரெகுலேட்டரும்: முள் அசையவில்லை. இணைப்பி கழற்றிய கெக்: ஒரு குமிழி கூட இல்லை. மூடி, முனைகள், அழுத்தம் விடும் வால்வு எல்லாம் சுத்தம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்த்து மாட்டினால் எங்கோ போகிறது. மண்டை குழம்புகிறது.

ஈரவளையம்:

வாயு முனையின் வெளிவளையம். இணைப்பி மாட்டியிருக்கும்போது மட்டுமே அதற்கு வேலை.

வால்வுவாத்தியார்:

ஈரவளையம் ஒரே வரியில் பிடித்துவிட்டார். விளக்கம் மட்டும் சேர்க்கிறேன். இணைப்பி இல்லாதபோது முனைக்குள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசி துளையை அடைத்துக்கொள்ளும். இணைப்பியை அழுத்தியதும் ஊசி கீழே இறங்கி வழி திறக்கும். அப்போது வாயு வெளியே வராமல் தடுப்பது முனையைச் சுற்றியிருக்கும் அந்த வளையம் ஒன்றுதான். அதில் கீறல் இருந்தாலும், இணைப்பியைக் கழற்றி வைத்துச் சோதிக்கும்வரை எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றும். மூடி, உள்குழாய் வளையங்களைப் புதிதாகப் போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் விட்டுவிட்டீர்களோ?

ஐம்பத்தேழாம்குப்பி:

விட்டுத்தான்விட்டேன். பார்க்க நன்றாக இருந்தது, அதனால் மாற்றவில்லை. இப்போது எடுத்து விரலில் வளைத்துப் பார்த்தால் உள்பக்கம் முடி அளவு வெட்டு. பாட்டியின் தையல் கண்ணாடி இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. புதியதைப் போட்டு, உணவுத் தர மசகு தடவி மாட்டியாயிற்று. நுரை வைத்தேன், அமைதி. ஒரு சிலிண்டர் வாயுவைக் கால் அங்குல ரப்பர் தின்றுவிட்டது.

நுரைக்கணக்கு:

நல்லது. ஆனால் இதை வெறும் செலவுக் கணக்காகப் பார்த்துவிட்டு நகர வேண்டாம். 2.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் ஏறத்தாழ 1,200 லிட்டர் வாயுவாகும். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் உள்ள அடைத்த அறையில் அது ஒரேயடியாக வெளியேறினால் காற்றில் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வைத்திருக்கும் எல்லை அதேதான். உங்களுடையது இரண்டு நாளில் மெல்லக் கசிந்ததால் பிரச்சினை இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஃபிரிட்ஜ் படுக்கையறையிலோ நிலவறையிலோ இருந்தால் ஒரு கார்பன் டை ஆக்சைடு அளவி வாங்கித் தரையிலிருந்து சற்று மேலே மாட்டுங்கள். சிலிண்டரைக் காரில் கொண்டுபோகும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். விழாதபடி சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள்.

ஐம்பத்தேழாம்குப்பி:

ஃபிரிட்ஜ் இருப்பது மூன்று பக்கமும் திறந்த கூடத்தில். ஆனாலும் அளவி வாங்கிவிடுகிறேன்.

பதினோராம் நாள் இன்று. முதல் டம்ளர் பிடித்தேன். முக்கால் டம்ளர் நுரை, கால் டம்ளர் பீர். இரண்டாவதும் அப்படியே. நுரை அடங்கிய பிறகு குடித்தால் சப்பென்று இருக்கிறது. வாயு அதிகமா, குறைவா? இரண்டும் ஒரே டம்ளரில் எப்படி இருக்கும்?

மூடிதிறப்பான்:

ஊற்றும்போது மட்டும் 4 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். முடித்ததும் மறுபடி 12.

நுரைக்கணக்கு:

ஒரு விருந்துக்கு, ஒரே மாலையில் காலியாகப்போகும் கெக்குக்கு அது சரி. மாதக்கணக்கில் இருக்கும் கெக்கில் ஒவ்வொரு டம்ளருக்கும் வால்வைத் திறந்து மூடி வாயுவை வீணாக்கிக்கொண்டிருக்க முடியாது. 4லேயே விட்டுவிட்டால் சில நாளில் பீர் அந்த 4க்கு ஏற்ற அளவுக்குத் தன் வாயுவை இழந்துவிடும். நோய் கெக்கில் இல்லை. முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்: 1.2 மீட்டர் டியூப்.

12 பிஎஸ்ஐ அழுத்தம் கெக்கிலிருந்து கிளம்பிக் குழாய்க்கு வருவதற்குள் டியூபின் உராய்வில் கரைந்து, மெல்ல நடந்து வெளியே வர வேண்டும். டியூப் குட்டையாக இருந்தால் பீர் பாய்ந்து வந்து டம்ளரில் மோதி, கரைந்திருந்த வாயு எல்லாம் ஒரே நொடியில் வெளியேறும். அதுதான் நுரை. வாயு போய்விட்டதால் மிச்சமிருக்கும் பீர் சப்பென்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: கெக்குக்குள் சரியான அளவு, டம்ளருக்கு வரும்போது இல்லை.

உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான டியூபில் மூன்று மீட்டர் போடுங்கள். மெதுவாக வந்தால் பத்துப் பத்து சென்டிமீட்டராக வெட்டிக் குறைக்கலாம். நீளமாக வாங்கியவன் வெட்டலாம், குட்டையாக வாங்கியவன் மறுபடி வாங்க வேண்டும். சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். டியூப் வெளியே சூடாக இருந்தால் முதல் டம்ளர் எப்போதும் நுரைதான். குழாயைப் பாதி திறக்கவும் கூடாது. முழுவதும் திறங்கள், டம்ளரைச் சாய்த்துப் பிடியுங்கள்.

கருமால்ட்:

குப்பியில் இந்தப் பிரச்சினையே இல்லை என்று சொல்ல வாய் துடிக்கிறது. சொல்லவில்லை.

ஐம்பத்தேழாம்குப்பி:

சொல்லிவிட்டீர்கள்.

மூன்று மீட்டர் போட்டேன். ஒரு டம்ளர் நிரம்ப ஒன்பது, பத்து நொடி ஆகிறது. மேலே இரண்டு விரல் நுரை, அடியிலிருந்து குமிழி கோடு கோடாக ஏறுகிறது. கூடத்தில் தனியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரே குறை. இது ஹாப்ஸ் (பீருக்கு மணமும் கசப்பும் தரும் பூ) அதிகம் போட்ட வெளிர் ஏல். முதல் வாரத்தில் மாம்பழமும் எலுமிச்சைத் தோலும் மணத்தது. மூன்றாம் வாரம் மணம் மங்கி, நிறம் பழுப்பு ஏறி, ஈர அட்டையின் சாயல் வருகிறது. குப்பியில் இவ்வளவு வேகமாகப் போனதில்லை.

கருமால்ட்:

ஆக்சிஜன். எப்படி ஊற்றினீர்கள்? மூடியைத் திறந்து வைத்து, டியூபை உள்ளே விட்டா?

ஐம்பத்தேழாம்குப்பி:

ஆமாம். அடியிலிருந்து நிரம்பும்படி, தெறிக்காமல்தான் விட்டேன்.

கருமால்ட்:

தெறிக்காவிட்டாலும் கெக் முழுவதும் காற்று இருந்ததே. என் கருப்பு ஸ்டவுட் பீருக்கு அது பொறுக்கும், வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) நிறைய மறைத்துவிடும். ஹாப்ஸ் பீர் பொறுக்காது. இதில் கெக் குப்பியை வெல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒழுங்காகச் செய்தால்.

கெக்கைக் கிருமிநீக்கிக் கரைசலால் மூடிவரை தளும்ப நிரப்புங்கள். மூடுங்கள். வாயு முனையில் 4, 5 பிஎஸ்ஐ கொடுத்து, பீர் முனை வழியாக அதை முழுவதும் வெளியே தள்ளுங்கள். இப்போது உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு மட்டும். பிறகு நொதிகலத்திலிருந்து வரும் டியூபில் கருப்பு இணைப்பியை மாட்டி, பீர் முனை வழியாகவே உள்ளே இறக்குங்கள். அழுத்தம் விடும் வால்வை இழுத்து வைத்தால் நொதிகலத்தின் உயரமே போதும், தானாக இறங்கும். மூடி ஒருமுறைகூடத் திறக்காது. வாயு உள்குழாயின் நுனிக்குக் கீழேயே நிறுத்துங்கள். மேலே போனால் பீர் ரெகுலேட்டர் பக்கம் ஏறக்கூடும். கெக்கை எடை மேடையில் வைத்து நிரப்பினால் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

மாறாக, கெக்கிலேயே சர்க்கரை போட்டு இயற்கையாகவும் வாயு ஏற்றலாம். ஈஸ்ட் மீண்டும் ஆக்சிஜனைத் தின்னும். குப்பிக்குப் போடும் அளவில் ஏறத்தாழப் பாதி போதும் என்பது பலரின் வழக்கம். அடியில் வண்டல் படியும், முதல் டம்ளரைக் கொட்டிவிடுங்கள்.

மூடிதிறப்பான்:

கிருமிநீக்கியைத் தள்ளவும் வாயு, ஏற்றவும் வாயு, ஊற்றவும் வாயு. ஒரு சிலிண்டர் எத்தனை கெக்குக்கு வரும்?

நுரைக்கணக்கு:

தள்ளுவதற்கு ஐம்பது கிராமுக்குள், கரைவதற்கு அறுபது (நொதித்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும்), கடைசித் துளிவரை ஊற்ற இன்னொரு அறுபத்தைந்து. ஒரு கெக்குக்கு 180 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.2 கிலோவில் பன்னிரண்டு வரும். கசிவு இல்லாவிட்டால்.

ஐம்பத்தேழாம்குப்பி:

இரண்டாவது கெக்கை நேற்று கருமால்ட் சொன்னபடி நிரப்பினேன். கரைசல் வெளியே போகும்போது கடைசியில் புஸ்ஸென்று நுரை துப்பியது, அதைத் தவிர எல்லாம் ஒழுங்கு. எடை மேடையில் 18.4 கிலோ பீர் ஏறியதும் நிறுத்தினேன். சிலிண்டரை முன்னும் பின்னும் எடை போட்டேன்: 45 கிராம் குறைந்திருக்கிறது. ஐந்து வளையமும் புதியது, வெளிவளையத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

அடுத்து ஒரே சிலிண்டரில் இரண்டு கெக் மாட்ட ஆசை. வெறும் டி (T) வடிவ இணைப்பு போதுமா?

ஈரவளையம்:

ஒவ்வொரு கிளையிலும் ஒருவழி வால்வு வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டவுட் ஏலுக்குள் போகும்.